உங்களுக்குத் தெரியுமா? – வட்டக் குழாய்க்கு எத்தனை மூலை?

★ குளியலறை வாளி, சுவிட்ச் பெட்டி, பேனா மூடி... எதுவாக இருந்தாலும், வார்க்கும் அச்சான மோல்டுக்குள் அது இருக்கும் நேரத்தில் பெரும்பாலும் பாதிக்கு மேல் சும்மா ஆறுவதற்கே போய்விடுகிறது. உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே தள்ளுவது சில நொடி வேலைதான். உள்ளே வந்த சூட்டை வெளியேற்ற, மோல்டின் எஃகுக்குள் நீளநீளமாகத் துளை போட்டுத் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் கூலிங் சேனல். மோல்டு செய்யும் டூல்ரூமில் வாட்டர் லைன். இந்த முறை முழுக்க அந்தத் துளைகளின் கதை. கணினியில் அவற்றைக் கரடுமுரடாக வரைந்தால் எங்கே தப்பிக்கலாம், எங்கே மாட்டிக்கொள்வோம் என்று பார்ப்போம்.

★ பிளாஸ்டிக் சுவரின் தடிமனை இரண்டு மடங்காக்கினால், ஆறும் நேரம் நான்கு மடங்காகிறது.

★ பிளாஸ்டிக்கை அழுத்தி உட்செலுத்தி வார்க்கும் இயந்திரத்துக்கு அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹயாட்டும் அவர் சகோதரர் ஐசாயாவும் 1872-ல் காப்புரிமை பெற்றார்கள். வார்த்தது செல்லுலாயிடு. ஹயாட் இந்த வழிக்கு வந்ததே, யானைத் தந்தத்தில் செய்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுத் தேடிப் புறப்பட்டதால்தான்.

★ அதற்குப் பின் நூறாண்டுக்கு மேல் மோல்டு செய்கிறவர்கள் கை அனுபவத்தையே நம்பினார்கள். 1978-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் காலின் ஆஸ்டின் தொடங்கியது மோல்டுஃப்ளோ. எஃகை வெட்டுவதற்கு முன்பே பிளாஸ்டிக் எப்படிப் பாயும் என்று கணினியில் பார்க்கலாம் என்பதைத் தொழிலாக்கிய முன்னோடி நிறுவனம். 2008-ல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கிக்கொண்டது. பாய்வதைக் கணித்தவர்கள் பிறகு ஆறுவதையும் கணிக்கத் தொடங்கினார்கள். அங்கேதான் வாட்டர் லைன் கணினிக்குள் நுழைந்தது.

★ நுழைந்தது குழாயாக அல்ல, வெறும் கோடாக! ‘பீம் எலிமென்ட்’ என்பார்கள். ஒரு கோடு, அதற்கு ஒரு விட்ட அளவு. அவ்வளவுதான்.

12 மி.மீ. விட்டம், 300 மி.மீ. நீளமுள்ள ஒரு துளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பீமின் நீளம் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு இருக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் 30 மி.மீ. நீளத்தில் பத்தே பத்துத் துண்டுகள். அதே துளையின் சுவரை 2 மி.மீ. முக்கோணங்களால் போர்த்தினால் சுற்றிலும் 19 கட்டம், நீளவாக்கில் 150 கட்டம், கட்டத்துக்கு இரண்டு முக்கோணம். மொத்தம் 5,700. பத்துக்கும் ஐயாயிரத்து எழுநூறுக்கும் உள்ள தூரம்தான் இந்தக் கட்டுரை.

★ சரி, தடிமனே இல்லாத ஒரு கோட்டுக்குத் தண்ணீர் எவ்வளவு சூட்டை வாங்கும் என்று எப்படித் தெரியும்? தெரியாது, சூத்திரம் சொல்லிக்கொடுக்கிறது. வேகம், விட்டம், பிசுபிசுப்பு முதலிய சிலவற்றைக் கொடுத்தால், கொந்தளித்து ஓடும் நீர் குழாய்ச் சுவரிலிருந்து எவ்வளவு வெப்பம் எடுக்கும் என்று சொல்லும் சூத்திரங்கள் உண்டு. அவற்றில் புகழ்பெற்றது 1930-ல் கலிஃபோர்னியாவில் டிட்டஸ், போல்ட்டர் என்ற இருவர் வெளியிட்டது. தொண்ணூறு வயதைத் தாண்டிய சூத்திரம் இன்னும் ஓய்வு பெறவில்லை.

★ கோடு போதாத இடங்களும் உண்டு. வளைந்து நெளிந்து, குறுக்குவெட்டு மாறிக்கொண்டே போகும் சேனலை முழு உருவமாகத்தான் மெஷ் செய்ய வேண்டும், அதாவது சின்னச் சின்ன முக்கோணங்களால் போர்த்த வேண்டும். அப்போதுதான் தலைப்பில் உள்ள கேள்வி வருகிறது. மெஷ்ஷில் கணினிக்கு வட்டம் வரையத் தெரியாது. நேர்க்கோடுகளை ஒட்டவைத்து வட்டம் என்று நம்மை நம்பவைக்கும். எத்தனை மூலை வைக்கலாம்?

எட்டு வைத்துப் பார்ப்போம். வட்டத்துக்குள் சரியாகப் பொருந்தும் எண்கோணத்தின் பரப்பு, வட்டத்தின் பரப்பில் 90 சதவீதம்தான். 10 மி.மீ. துளை ஒரு மீட்டர் நீளம் இருந்தால் 78.5 மில்லி தண்ணீர் பிடிக்கும். எண்கோணக் குழாய் 70.7 மில்லிதான் பிடிக்கும். பத்து சதவீதம்தானே என்று விடக்கூடாது. நிமிடத்துக்கு அதே அளவு தண்ணீரைத் தள்ள வேண்டுமானால் வேகம் கூட வேண்டும், அழுத்த இழப்போ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். குழாயும் ஒடுங்கியிருக்கிறது. எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் அழுத்த இழப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அறுகோணம் வைத்தால் ஏறக்குறைய 70 சதவீதம். மூலையை 24 ஆக்கினால் பரப்பில் குறைவது சுமார் ஒரு சதவீதம், தொல்லை தீர்ந்தது.

எட்டு மூலையோடுதான் வாழ வேண்டும் என்ற நிலை வந்தால், எண்கோணத்தை 5.4 சதவீதம் பெரிதாக்கிப் பரப்பை வட்டத்துக்குச் சமமாக்கிவிடலாம். ஏமாற்று வேலை மாதிரி தெரியும். ஆனால் நேர்மையான ஏமாற்று.

★ ஆர்க்கிமிடீஸ் பை மதிப்பைப் பிடிக்க 96 மூலை வரை போனார். நமக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை.

★ மூலை குறைந்தால் தண்ணீரின் கணக்கு கெடுகிறது. வெப்பத்தின் கணக்கும் கெடுமா? கிட்டத்தட்டக் கெடாது! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இதுதான்.

வீட்டில் கேஸ் அடுப்பைக் கவனியுங்கள். பர்னரில் வட்டமாகப் பொட்டுப் பொட்டாகத் தீ எரிகிறது. மெல்லிய அலுமினியத் தட்டை வைத்துத் தோசை ஊற்றினால் தீ பட்ட வட்டம் தோசையில் அப்படியே கருகிப் பதியும். கனமான இரும்புத் தோசைக்கல்லில் அந்தப் பொட்டுகளை அடையாளம் காணவே முடியாது, ஒரே சீராகச் சிவக்கும். கல்லின் கனத்துக்குள்ளேயே பொட்டுகள் கலந்து கரைந்துவிட்டன. மோல்டின் எஃகும் ஒரு தோசைக்கல்தான். வெப்பத்தின் ஏற்ற இறக்கங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவு சீக்கிரம் எஃகுக்குள் அழியும். ஏற்ற இறக்கத்தின் இடைவெளி எவ்வளவோ அவ்வளவு ஆழம் போனாலே, அது சில நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எண்கோணத்தின் மூலைகள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. பிளாஸ்டிக் இருப்பதோ 15 மி.மீ. தள்ளி. மூலை இருக்கும் சேதி அங்கே போய்ச் சேராது.

ஆனால் இரண்டு வாட்டர் லைனுக்கு நடுவே உள்ள தூரம் 30 மி.மீ. என்றால், அந்த ஏற்ற இறக்கம் 15 மி.மீ. தாண்டியும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆகவே துளையின் வடிவத்தில் கொஞ்சம் கைவைக்கலாம்; துளை இருக்கும் இடத்தில் கைவைக்கக்கூடாது.

★ மெஷ் அளவைப் பாதியாக்கினால் மேற்பரப்பில் முக்கோணங்கள் நான்கு மடங்கு. உள்ளே நிரப்பும் நான்முகிகள் எட்டு மடங்கு. “கொஞ்சம் ஃபைனா போடுங்க” என்று மேலாளர் போகிறபோக்கில் சொல்வதன் விலை இது.

★ சில வருடம் முன்பு ஒரு டூல்ரூமிலிருந்து எனக்கு ஒரு மாடல் வந்தது. போனில் டிசைனர் பெருமையாகச் சொன்னார்: “சார், ஒண்ணுமே விடலை. ப்ளக்கோட மரை முதற்கொண்டு போட்டிருக்கோம்.”

போட்டுத்தான் இருந்தார். துளை போட்டு முடித்த பிறகு, தேவையில்லாத வாயை அடைக்கப் பித்தளை ப்ளக் திருகுவார்கள் அல்லவா, ஒவ்வொரு ப்ளக்கிலும் திருகுமரை சுற்றிச் சுற்றி அச்சு அசலாக. இரவு மெஷ்ஷுக்கு விட்டுவிட்டுப் போனேன். காலையில் திரையில் சிவப்பு எழுத்து. எங்கே இடிக்கிறது என்று பெரிதாக்கிக்கொண்டே போனால், ஒரு ப்ளக்கைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி முக்கோணங்கள். ப்ளக்கின் மரையும் துளையின் மரையும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி, எது உள்ளே எது வெளியே என்று மென்பொருளுக்கே புரியவில்லை. அரை அடி தள்ளி, உண்மையில் தண்ணீர் ஓடும் சேனலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய முக்கோணங்கள். கணினி தன் உழைப்பையெல்லாம் தண்ணீரே படாத மரையில் கொட்டியிருக்கிறது! எல்லா ப்ளக்கையும் அழித்து, அந்த இடத்தில் தட்டையான ஒரு முகம் வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் மெஷ் முடிந்தது.

★ ட்ரில் பிட்டின் நுனி கூம்பு. வழக்கமான கோணம் 118 பாகை. அதனால் முட்டுச் சந்தாக முடியும் ஒவ்வொரு துளையின் கடைசியிலும் ஒரு கூம்புக்குழி இருக்கும். அங்கே தண்ணீர் தேங்கி நிற்கும், ஓடாது. தயங்காமல் அழிக்கலாம். ஓ-ரிங் பள்ளம், நிப்பிள் மரை, நிறுவனத்தின் முத்திரை எழுத்து எல்லாம் இதே பட்டியல்.

★ பேஃபிளை மட்டும் தொடாதீர்கள்! பொருளின் உட்புறத்தை வார்க்கும் மோல்டுப் பகுதி கோர். ஆழமான கோருக்குள் ஒரு குருட்டுத் துளை போட்டு, நடுவில் ஒரு தகடு செருகுவார்கள். தண்ணீர் தகட்டின் ஒரு பக்கமாக ஏறி, நுனியைத் தாண்டி, மறுபக்கமாக இறங்கும். தானாக எளிமையாக்கும் மென்பொருளுக்கு அந்தத் தகடு ஒரு மெல்லிய, அற்பமான விஷயம். இரண்டு முகத்தையும் ஒட்டிவைத்துத் தகட்டையே விழுங்கிவிடும். பிறகு கணினியில் தண்ணீர் கீழேயே குறுக்கு வழியில் போய்விடும், கோரின் உச்சி வெந்துகொண்டிருக்கும். படம் பார்க்க அழகாகவே இருக்கும் என்பதுதான் ஆபத்து.

கோட்டு முறையில் இதற்கு அழகான வழி உண்டு. ஏறுவதற்கு ஒரு பீம், இறங்குவதற்கு ஒரு பீம். ஒவ்வொன்றுக்கும் வெப்பம் வாங்கும் திறன் பாதி. ஒரே துளைச் சுவரை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் அல்லவா, அதனால். தகட்டுக்குப் பதில் ஒரு குழாயைச் செருகும் பப்ளரில் உள்குழாயின் வெப்பம் வாங்கும் திறன் பூஜ்யம், வெளியே வழிந்து இறங்கும் நீருக்கு முழுசு.

★ பேஃபிள் தகடு 12 மி.மீ. துளையை இரண்டு அரைவட்டமாக்கினால் ஒவ்வொன்றும் 6 மி.மீ. குழாய்க்குச் சமமா? இல்லை. பரப்பை நான்கால் பெருக்கி, நனையும் சுற்றளவால் வகுத்தால் வருவது நீரியல் விட்டம். தகட்டின் தடிமனை விட்டுவிட்டால் அரைவட்டத்துக்கு அது 7.3 மி.மீ.

★ முக்கோணங்களைக் குறைக்கும் வழிகளில் மிகப் பிரபலமானது 1997-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்லண்டும் பால் ஹெக்பர்ட்டும் வெளியிட்டது. ஒரு முக்கோணத்தின் விளிம்பைச் சுருக்கி இரண்டு புள்ளியை ஒன்றாக்கு. உருவம் எவ்வளவு விலகுகிறது என்று பார். விலகல் குறைந்த விளிம்பை முதலில் சுருக்கு. அவ்வளவுதான் சாரம். கணினி வரைகலைக்கென்று வந்த முறை, அங்கே வரப்பிரசாதம்.

குழாயில் வேறு கதை. குழாய் சுற்றுவாக்கில் வளைகிறது, நீளவாக்கில் நேராக இருக்கிறது. நீளவாக்கில் எத்தனை புள்ளியை எடுத்தாலும் உருவம் மாறாது. ஆகவே இந்த முறை நீளவாக்கில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். மிஞ்சுவது விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நீளநீளமான முக்கோணங்கள். கண்ணுக்குப் பிசிறில்லாத குழாய். வெப்பநிலை கணக்கிடும் நிரலுக்கு விஷம். 300 மி.மீ. நீளத்தில் தண்ணீர் எங்கே எவ்வளவு சூடேறியது என்று எழுதிவைக்க நடுவில் ஒரு புள்ளிகூட இல்லையே!

என் அபிப்பிராயம்: மெஷ் ஆன பிறகு குறைப்பதைவிட, மாடலிலேயே கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டுப் புதிதாக மெஷ் போடுவதே மேல்.

★ உருவத்தை முக்கோணங்களாகச் சேமிக்கும் பைனரி எஸ்.டி.எல். கோப்பில் ஒரு முக்கோணம் 50 பைட். பத்து லட்சம் முக்கோணம் என்றால் 50 எம்.பி. ஒவ்வொரு முக்கோணமும் தன் மூன்று மூலையையும் தனியாக எழுதிவைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று அதற்குத் தெரியாது. மயிரிழை இடைவெளி விழுந்து, கணினியில் வாட்டர் லைன் ஒழுகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

★ முழுக் குழாயிலிருந்து பீமுக்கான நடுக்கோட்டை எப்படி எடுப்பது? காய்ந்த புல்வெளியின் விளிம்பு முழுக்க ஒரே நேரத்தில் தீ வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமிருந்தும் தீ சம வேகத்தில் உள்ளே வரும். இரண்டு தீ சந்தித்து அணையும் இடங்களை இணைத்தால் அதுதான் அந்த உருவத்தின் எலும்புக்கூடு. 1967-ல் ஹாரி ப்ளம் சொன்ன யோசனை. நேரான குழாயில் தீ நடு அச்சில் சந்திக்கும், கோடு தயார். சுவரில் சின்ன மேடு பள்ளம் இருந்தால் எலும்புக்கூட்டில் தேவையில்லாத கிளைகள் முளைக்கும். அவற்றைக் கவாத்து செய்ய வேண்டும்.

★ எல்லா மென்பொருளும் மோல்டின் எஃகு முழுவதையும் மெஷ் செய்வதில்லை. ‘எல்லை உறுப்பு முறை’யில் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு, சேனலின் மேற்பரப்பு, மோல்டின் வெளிப்பரப்பு போதும். நடுவில் உள்ள எஃகுக்கட்டி கணக்கில் உண்டு, மெஷ்ஷில் இல்லை.

★ 1883-ல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீருக்குள் சாயத்தை ஒழுகவிட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது சாயம் நூலிழையாகப் போனது. வேகம் கூடியதும் சட்டென்று கலைந்து பரவியது. ஓட்டத்தின் தன்மையைச் சொல்ல அவர் பெயரில் உள்ள எண் 4,000 தாண்டினால் கொந்தளிப்பு. மோல்டுக்காரர்கள் 10,000-க்குக் குறிவைப்பார்கள். 10 மி.மீ. துளையில் 20 பாகை செல்சியஸ் தண்ணீருக்கு அது நிமிடத்துக்கு சுமார் 4.7 லிட்டர். தண்ணீர் 60 பாகையில் இருந்தால் 2.2 லிட்டரே போதும், ஏனென்றால் சூடான தண்ணீருக்குப் பிசுபிசுப்பு பாதிக்கும் குறைவு.

★ அந்த 4.7 லிட்டர் ஓட்டம் உள்ளே போய் வெளியே வருவதற்குள் 2 பாகை சூடேறினால், அது சுமந்து வருவது 650 வாட் வெப்பம். நம் வீட்டு மிக்சி இழுக்கும் மின்சாரத்தின் அளவு. உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வருவதற்கும் வித்தியாசம் இரண்டு, மூன்று பாகைக்கு மேல் போகக்கூடாது என்பது பழைய டூல்ரூம் விதி. இரண்டு ஹோஸையும் கைக்கொன்றாகப் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடும் ஃபோர்மேன்கள் இருக்கிறார்கள்.

★ நேர்த்துளையை விட்டுவிட்டு, பிளாஸ்டிக்கின் வடிவத்தை ஒட்டியே வளைந்து போகும் சேனலுக்கு ‘கன்ஃபார்மல் கூலிங்’ என்று பெயர். முப்பரிமாண அச்சால் சாத்தியமானது. இதில் முன்னோடி எம்.ஐ.டி.யின் இமானுவேல் சாக்ஸ். குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசாசூசெட்ஸ். வளைவுகள் கூடியதால் மெஷ்ஷின் கனமும் கூடியது. சேனல் பிளாஸ்டிக்குக்குச் சில மில்லிமீட்டர் பக்கத்திலேயே வந்துவிடுவதால் நம் தோசைக்கல்லும் மெலிந்துவிடுகிறது. நேர்த்துளையில் மன்னிக்கப்படும் கரடுமுரடு இங்கே மன்னிக்கப்படாது.

★ அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவில் ஆலன் ஷோன் 1970-ல் விவரித்த ‘ஜைராய்டு’ என்ற வளைபரப்பையும் இப்போது கூலிங்குக்குப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். அதில் நேர்க்கோடே கிடையாது. மெஷ் போடுகிறவர் பாடு, பாவம்.

★ கிண்டியில் 1968-ல் தொடங்கிய சிபெட் நிறுவனம் பிளாஸ்டிக் மோல்டு வடிவமைப்புக்கென்றே டிப்ளமோவுக்கு மேல் ஒரு படிப்பு நடத்துகிறது.

★ எளிமையாக்கிய மெஷ்ஷைச் சோதிக்க மூன்று எண் போதும். தண்ணீரின் கொள்ளளவு, நனையும் பரப்பு, உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் இடையே அழுத்த இழப்பு. மூன்றையும் முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். முதல் இரண்டும் கொஞ்சம் நகர்ந்தால் பரவாயில்லை. மூன்றாவது திடீரென்று சரிந்தால், எங்கோ ஒரு பேஃபிள் காணாமல் போயிருக்கிறது.

★ இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்ட சேனலில் மூன்று வருடம் கடினநீர் ஓடினால்? சுவரில் படியும் சுண்ணாம்பு ஒரு மில்லிமீட்டர் என்றால், வெப்பத்தைத் தடுப்பதில் அது பத்து மில்லிமீட்டர் எஃகுக்கும் மேல். எந்த மெஷ்ஷிலும் அது தெரியாது.

★ டிசைன் செய்கிற நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சிமுலேஷனுக்குக் கோப்பு அனுப்பும்போது வாட்டர் லைனின் நடுக்கோட்டைத் தனி லேயரில் வையுங்கள். பக்கத்தில் விட்டத்தை எழுதுங்கள். எது உள்வாய், எது வெளிவாய் என்று அம்புக்குறி போடுங்கள். பேஃபிள் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். மரை மட்டும் வேண்டவே வேண்டாம், சார்!